உங்கள் கையெழுத்தைக் கேட்டு ஒரு மடல்



கல்லூரியில் முதலாண்டும் இரண்டாமாண்டும் படித்துக்கொண்டிருக்கும் உங்களிடம் ஒரு காலைப்பொழுதைக் கேட்பதற்காக இந்த மடல். நான் பார்வையற்றவன். அரசுக் கலைக் கல்லூரி ஒன்றில் தமிழ் நடத்துகிறேன். பத்தாம் வகுப்பிலிருந்து முதுகலை வரை நான் எழுதிய விடைத்தாள்கள் அத்தனையும் வேறு யாரோ ஒருவரின் கையெழுத்தில் இருந்தவை. பள்ளிப் பொதுத்தேர்வு வரை கவலையில்லை. தேர்வுத் துறையே ஓர் ஆசிரியரை அனுப்பி, ஒரு மணி நேரம் கூடுதலாகவும் கொடுத்துவிடும். ‘சொல்வதை எழுதுபவர்’ என்று அந்த ஆசிரியருக்குப் பெயர். கல்லூரிக்கு வந்த பிறகுதான் ஆள் தேடி அலையும் காலம் தொடங்குகிறது. அங்கே எல்லோரும் ‘ஸ்கிரைப்’ என்றுதான் சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

ஏன் உங்களிடம் கேட்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளிகள் எழுதும் தேர்வுகளுக்கென மத்திய அரசு 2018 ஆகஸ்ட் 29-ஆம் நாள் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஸ்கிரைபைத் தேர்வரே அழைத்து வரலாம், அல்லது தேர்வு நடத்துபவர்களிடம் கேட்டுப் பெறலாம் என்றது அது. தேர்வரே அழைத்து வந்தால், வருபவரின் படிப்பு தேர்வரின் படிப்பைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. விதி நியாயமானதுதான்; பாடம் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து விடை சொல்லிக் கொடுத்துவிடக் கூடாதே. ஆனால் அந்த ஒரு படி எங்களை எங்கே கொண்டு நிறுத்துகிறது என்று பாருங்கள். மூன்று வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தை வாசித்துக் காட்டிய நண்பன் எழுத முடியாது. அவனும் அதே படியில்தான் நிற்கிறான். வேலைக்குப் போய்விட்ட அண்ணன் எழுத முடியாது. அம்மாவுக்கு எவ்வளவு ஆசை இருந்தாலும், ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனவர் என்றால் வினாத்தாளை வாசிக்கவே இயலாது. எங்களைத் தெரிந்தவர்கள் எல்லோரும் இப்படிக் கழிந்துபோன பிறகு மிஞ்சுகிறவர், முன்பின் அறியாத, எங்களைவிடச் சின்னவர் ஒருவர். வங்கி வேலைக்குத் தேர்வெழுதும் பட்டதாரிக்குப் பட்டம் முடிக்காத ஒரு மாணவர் வேண்டும். இன்று உங்களுக்கு இருக்கும் இந்தத் தகுதி, பட்டச் சான்றிதழ் கைக்கு வந்த நாளோடு பல தேர்வுகளுக்கு இல்லாமல் போய்விடும். அதனால்தான் இப்போதே கேட்கிறேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சம் பேர். அதில் தேர்வெழுதும் வயதினர் ஒரு பகுதிதான். ஆனால் அந்த ஒரு பகுதியில், கல்லூரியில் படித்து ஸ்கிரைபை நம்பித் தேர்வெழுதும் ஒவ்வொருவருக்கும் நவம்பரிலும் ஏப்ரலிலும், ஒவ்வொரு பருவத்திலும் ஐந்தாறு தாள்களுக்கு ஒவ்வொரு காலையும் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. உங்கள் வாட்ஸ்அப் குழுவில் எப்போதாவது வந்திருக்கும்: நாளை காலை பத்து மணிக்கு இந்த ஊரில் இந்தக் கல்லூரியில் ஸ்கிரைப் தேவை, தெரிந்தவர்களுக்குப் பகிரவும். பகிர்ந்துவிட்டுக் கடந்து போயிருப்பீர்கள். அந்தச் செய்தியை அனுப்பியவர் அன்றிரவு படிக்கவில்லை என்பதை மட்டும் நினைத்துப் பாருங்கள். மறுநாள் தேர்வை வைத்துக்கொண்டு, புத்தகத்தை மூடிவிட்டு, எண் எண்ணாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருப்பார்.

என் முதுகலை இறுதியாண்டுத் தேர்வொன்றுக்கு எழுத வருகிறேன் என்று சொன்னவர் வரவில்லை. கைபேசி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மணி அடித்து வினாத்தாள் கொடுத்தாகிவிட்டது; நான் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தாள் இருக்கிறது, படித்ததெல்லாம் மனதில் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் ஆள் இல்லை. கடைசியில் அலுவலக உதவியாளர் ஒருவர் வீட்டுக்கு ஆள் அனுப்பி, ப்ளஸ் டூ படிக்கும் தன் மகளை வரவழைத்தார். மூச்சு வாங்க வந்து உட்கார்ந்த அந்தப் பெண் முதலில் சொன்னது இதுதான்: “அண்ணா, சங்க இலக்கியமெல்லாம் எனக்கு ஒண்ணும் தெரியாது. சந்தேகம் வந்தா எந்த ‘ல’னு கேப்பேன், கோவிச்சுக்காதீங்க.” கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். நற்றிணைக்கு எந்த ‘ற’, எந்த ‘ண’ என்று கேட்டாள். தலைவி கூற்றா தோழி கூற்றா என்பதை இரண்டு முறை உறுதி செய்துகொண்டாள். ஒரு பத்தி முடிந்ததும் திரும்ப வாசித்துக் காட்டினாள். இலக்கியம் தெரிந்த ஒருவர் வந்திருந்தால் இவ்வளவு கவனமாகக் கேட்டிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான். அந்தத் தாளில் நான் தேறினேன். இன்று வகுப்பில் நின்று சங்க இலக்கியம் நடத்துகிறேன்.

அவள் செய்தது என்ன என்பதைத்தான் உங்களுக்கு விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஸ்கிரைப் வேலைக்கு இரக்கம் போதாது. துல்லியம் வேண்டும்.

முதலில் வாசிப்பு. கொள்குறி வினா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு விடைகளையும் ஒரே குரலில், ஒரே வேகத்தில் வாசிக்க வேண்டும். கேட்பதற்கு எளிதாக இருக்கும். செய்து பாருங்கள், சரியான விடை உங்களுக்குத் தெரிந்திருந்தால் அந்த இடத்தில் உங்கள் குரல் தன்னையறியாமல் ஒரு நொடி நிற்கும், அல்லது சற்று அழுத்தும். ஆண்டுக்கணக்கில் குரல்களை வைத்தே மனிதர்களை அறிந்து வாழ்பவர்கள் நாங்கள். அந்த அழுத்தம் எங்களுக்குக் கேட்டுவிடும். கேட்டபின் அது எங்கள் விடையா உங்கள் விடையா என்று எங்களுக்கே தெரியாமல் போய்விடும். வீட்டில் ஒரு பழைய வினாத்தாளை எடுத்து, தம்பியையோ தங்கையையோ உட்கார வைத்து வாசித்துப் பழகுங்கள். உங்கள் குரலிலிருந்து விடையை அவர்கள் ஊகிக்க முடியாதபடி வாசிக்க வந்துவிட்டால் நீங்கள் தயார்.

அடுத்தது உச்சரிப்பு. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 போன்ற தேர்வுகளில் ஒலி வேறுபாடு அறிந்து சரியான பொருளைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள் வருகின்றன. அலை, அளை, அழை என்று மூன்று சொற்கள் தாளில் இருக்கும். மூன்றையும் ஒரே மாதிரி வாசித்தால் அந்த வினாவே அங்கு இல்லாமல் போகிறது. நாக்கு புரளவில்லை என்றால் வெட்கப்பட வேண்டாம். ‘முதல் சொல்லில் சின்ன ல, இரண்டாவதில் பள்ளிக்கு வரும் ள, மூன்றாவதில் தமிழுக்கு வரும் ழ’ என்று எழுத்தைச் சொல்லிவிடுங்கள். எங்களுக்கு அது போதும்.

அதே தேர்வில் 200 வினாக்கள், மூன்று மணி நேரம். மாற்றுத்திறனாளிகளுக்கு மணிக்கு 20 நிமிடம் வீதம் கூடுதலாகத் தரும் ஈட்டு நேரம் சேர்ந்தால் நான்கு மணி நேரம் ஆகும். கணக்குப் போட்டால் ஒரு வினாவுக்கு 72 நொடி. அதற்குள் வினாவை வாசித்து, விடைகளை வாசித்து, தேர்வர் யோசித்துச் சொல்லி, நீங்கள் வட்டத்தைக் கருப்பாக்க வேண்டும். ‘பொருத்துக’ வந்துவிட்டால் எங்கள் பாடு கடினம். பார்ப்பவர்கள் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்து விரலால் கோடு போட்டுக்கொள்வார்கள். நாங்கள் இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் நான்கு என எட்டையும் தலைக்குள் நிறுத்தி, பிறகு மூன்று ஒன்று நான்கு இரண்டு என்று நீங்கள் சொல்லும் எண் வரிசைகளை ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்க்க வேண்டும். ‘இன்னொரு தடவை வாசிங்க’ என்று கேட்போம். மூன்றாம் முறையும் கேட்போம். பெருமூச்சு விடாமல் வாசியுங்கள். நீங்கள் விடும் ஒரு பெருமூச்சு போதும், நான்காம் முறை கேட்க வேண்டிய இடத்தில் கூச்சப்பட்டு ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவோம். இப்படிப் போன மதிப்பெண்களைப் பற்றிப் பார்வையற்ற எந்த மாணவரைக் கேட்டாலும் சொல்வார்.

விடைத்தாளில் வட்டமிடும்போது வினா எண்ணைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இடுங்கள். ஓரிடத்தில் ஒரு வரி தள்ளிப்போனால் அதற்குப் பின் உள்ளதெல்லாம் தள்ளிப்போகும். அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு வழியே கிடையாது.

இப்போது மிகக் கடினமானதற்கு வருகிறேன். தேர்வர் தவறான விடையைச் சொல்லும்போது என்ன செய்வீர்கள்?

என் மாணவி ஒருத்தி போட்டித் தேர்வு ஒன்று எழுதினாள். மையத்தில் கொடுத்த ஸ்கிரைப் ஒரு பள்ளி மாணவி. வேலூர்க் கோட்டைப் புரட்சி எந்த ஆண்டு என்பது வினா. என் மாணவி 1801 என்று சொன்னாள். மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட ஆண்டு அது, வேலூர் 1806. படித்ததுதான், அந்த நேரத்தில் புரண்டுவிட்டது. எழுதும் பெண்ணுக்குச் சரியான ஆண்டு தெரியும், அவள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அவள் 1801-க்கு வட்டமிட்டாள். தேர்வு முடிந்து வெளியே வந்ததும், “அக்கா, எனக்குத் தெரிஞ்சிருந்தும் நான் தப்பாத்தான் போட்டேன்” என்று சொல்லி அழுதிருக்கிறாள். என் மாணவி அன்று மாலை என்னிடம் கைபேசியில் சொன்னது: “சார், பேங்க் எக்ஸாமுக்கு நாமளே ஆளைக் கூட்டிட்டுப் போகலாம்ல? அந்தப் பிள்ளையோட நம்பரை வாங்கி வச்சிட்டேன்.”

உதவி என்றால் இன்னொருவர் குறையை நிரப்பிக் கொடுப்பது என்றுதான் நமக்கு வீட்டிலும் பள்ளியிலும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இங்கே நிரப்பக் கூடாது. கண்ணையும் கையையும் கொடுத்துவிட்டு, தலையைத் தேர்வரிடமே விட்டுவிட வேண்டும். அவர் சொன்ன வாக்கியம் அரைகுறையாக இருந்தால் அரைகுறையாகவே எழுதுங்கள். நீளமாகச் சொன்னால் நீளமாக எழுதுங்கள். கை வலிக்கிறது என்பதற்காக ஒரு வரியை விட்டுவிட வேண்டாம், ‘போதுமா அண்ணா?’ என்று அரைப் பக்கத்தில் கேட்கவும் வேண்டாம். கை வலித்தால் சொல்லுங்கள், ஒரு நிமிடம் உதறிக்கொண்டு தொடரலாம். அதில் யாருக்கும் வருத்தமில்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பார்வையற்ற ஒருவர் வேலைக்குப் போய் உட்கார்ந்ததும் காதில் விழும் முதல் பேச்சு, ‘இவருக்கென்ன, யாரோ எழுதிக் கொடுத்துட்டாங்க’ என்பது. எனக்கும் விழுந்திருக்கிறது. இரவு முழுதும் கைபேசியில் பாடத்தைக் கேட்டுக் கேட்டு மனதில் ஏற்றியதெல்லாம் அந்த ஒரு வரியில் இல்லாமல் போகிறது. மதுரையைச் சேர்ந்த பூரண சுந்தரி, பார்வையற்றவர், 2019-ஆம் ஆண்டுக் குடிமைப் பணித் தேர்வில் 286-ஆம் இடம் பெற்றார். சென்னையைச் சேர்ந்த பெனோ செபின் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் முழுப் பார்வையற்ற அதிகாரி. இவர்களின் அறிவை யாரும் எழுதிக் கொடுத்துவிட முடியாது. ஸ்கிரைப் ஒருவர் நேர்மையாக எழுதும்போது, அந்தத் தேர்வரின் மதிப்பெண்ணோடு அவர் பெயரையும் காப்பாற்றிக் கொடுக்கிறார். அன்பினால் ஒரே ஒரு விடையைத் திருத்தினாலும், அவர் வாழ்நாள் முழுதும் மறுத்துக்கொண்டிருக்கும் அந்தப் பேச்சை உண்மையாக்கிவிடுகிறீர்கள்.

ஸ்கிரைப் வேண்டியவர்கள் பார்வையற்றவர்கள் மட்டுமே என்று எண்ண வேண்டாம். மூளை முடக்குவாதம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். பேனா பிடித்தால் விரல்கள் இறுகிக்கொள்ளும் எழுத்துப் பிடிப்பு நோய் உள்ளவர்கள் இருக்கிறார்கள். அந்த நோயுள்ள விகாஷ் குமார் என்ற தேர்வருக்குக் குடிமைப் பணித் தேர்வில் ஸ்கிரைப் மறுக்கப்பட்டது. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். குறைபாடு 40 விழுக்காட்டை எட்டவில்லை என்ற காரணத்துக்காக ஸ்கிரைபை மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரி 11-இல் தீர்ப்பு வந்தது. சட்டம் கதவைத் திறந்துவிட்டது. வினாத்தாளின் முன்னால் வந்து உட்காரும் ஆளைச் சட்டம் கொண்டுவந்து தராது.

‘கணினி இருக்கிறதே சார், நீங்களே தட்டச்சு செய்யலாமே?’ என்று என் மாணவர்கள் கேட்கிறார்கள். சரியான கேள்வி. பிரெய்லிலோ கணினியிலோ எழுதவும், குரலில் பதிவு செய்யவும்கூட 2018 நெறிகள் இடம் கொடுத்தன. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் போட்ட கணினியில் என் கையாலேயே தேர்வெழுதும் நிலை எல்லாக் கல்லூரியிலும் வர வேண்டும் என்பதுதான் என் ஆசையும். ஆனால் வினாத்தாள் அச்சுத் தாளாக மட்டுமே வரும் மையங்களிலும், பாதி வயதில் பார்வை போய் இன்னும் விசைப்பலகை பழகாதவர்களுக்கும் இன்றைக்கு மனிதர்தான் வழி.

காலைப்பொழுதைக் கொடுக்க முடியாதவர்களும் உங்களில் இருப்பீர்கள். பகுதி நேர வேலைக்குப் போகிறவர்கள், தினமும் இரண்டு பேருந்து மாறி வருகிறவர்கள். உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் வகுப்புக் குழுவில் பாடக்குறிப்பைப் படமெடுத்துப் போடுகிறீர்கள் அல்லவா, அந்தப் படம் எங்கள் கைபேசிக்கு வெறும் படம்தான். ‘புகைப்படம்’ என்று சொல்லிவிட்டு அது பெரும்பாலும் மௌனமாகிவிடும். தட்டச்சு செய்து எழுத்தாகப் போட்டால் வாசித்துவிடும். அதிலும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டினால், உங்கள் கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது திரைவாசிப்பானுக்கு ஆங்கில எழுத்துக் குவியல். ‘அம்மா’ என்று நீங்கள் எழுதியதை அது என்னென்னவோ எழுத்துகளாக ஒப்பிக்கும். யூனிகோடில் தட்டுங்கள், அல்லது மாற்றித் தரும் செயலியில் போட்டு மாற்றி அனுப்புங்கள். பல துறைகளில் வருடக்கணக்காகச் சுற்றும் நல்ல குறிப்புகள் பாமினியிலேயே கிடக்கின்றன. ஒரு விடுமுறையில் உங்கள் துறையின் குறிப்புகளை மாற்றிக் கொடுத்தால், உங்களுக்குப் பின் வரும் பார்வையற்ற மாணவர் ஒவ்வொருவருக்கும் அது புத்தகம். இயந்திரக் குரல் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு பாடத்தை உங்கள் குரலில் பதிவு செய்து அனுப்பலாம். பதிவின் தொடக்கத்தில் பாடத்தின் பெயரையும் பக்க எண்ணையும் சொல்லிவிடுங்கள். அட்டவணை வந்தால் ‘அட்டவணை இருக்கிறது’ என்று சொல்லித் தாண்டிவிடாமல், வரிசை வரிசையாக வாசியுங்கள்.

தேர்வு நாளைப் பற்றிச் சில சொல்லி முடிக்கிறேன். எழுத ஒப்புக்கொண்டால், முடிந்தவரை ஒருநாள் முன்னதாகவே தேர்வரைப் பார்த்துப் பேசிவிடுங்கள். அவர் சொல்லும் வேகம், காற்புள்ளி, பத்தி பிரிப்பதை எப்படிச் சொல்வார், எழுதியதை எப்போது திரும்ப வாசிக்க வேண்டும், எல்லாம் அரை மணி நேரத்தில் பழகிவிடும். காலையில் வாசலில் சந்திக்கும்போது அவர் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், கோலைத் தொடாதீர்கள். ‘அண்ணா, நான் வந்துட்டேன்’ என்று பெயர் சொல்லி உங்கள் முழங்கையை நீட்டினால் அவரே பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வருவார். படி வந்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லுங்கள். அறையில் உட்கார வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனால் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் நீங்கள் இல்லாத நாற்காலியிடம் பேசிக்கொண்டிருப்போம்.

பத்து மணிக்குத் தொடங்கும் தேர்வில், மற்றவர்கள் ஒரு மணிக்கு எழுந்து போன பிறகும் நீங்கள் இரண்டு மணி வரை எழுத வேண்டியிருக்கும். காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வர முடியாத நிலை வந்துவிட்டால், காய்ச்சலோ வீட்டில் துக்கமோ, தெரிந்த அந்த நிமிடமே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். இரவு பதினோரு மணியானாலும் பரவாயில்லை. முன்னிரவில் தெரிந்தால் வேறு ஆள் தேட எங்களுக்கு ஓர் இரவு மிச்சமிருக்கும். கைபேசியை மட்டும் அணைத்து வைக்காதீர்கள்.

உங்கள் கல்லூரியிலேயே பார்வையற்ற மாணவர்கள் இருக்கக்கூடும். துறைத் தலைவரிடமோ சம வாய்ப்பு மையத்திலோ கேட்டால் தெரியும். இல்லையென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உங்கள் பெயரையும், படிக்கும் ஆண்டையும், வாசிக்க எழுதத் தெரிந்த மொழிகளையும், எந்தெந்தக் கிழமை வர முடியும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். விதிகள் தேர்வுக்குத் தேர்வு மாறும். அந்தந்தத் தேர்வின் அறிவிக்கையில் ஸ்கிரைப் பற்றிய பகுதியை இருவரும் சேர்ந்து ஒருமுறை படித்துவிடுங்கள். கல்லூரிச் சான்று, ஆதார் நகல், புகைப்படம், உறுதிமொழிப் படிவம் ஆகியவற்றைப் பெரும்பாலும் கேட்பார்கள். முதல் நாளே எடுத்து வையுங்கள். அசல் அடையாள அட்டையும் இரண்டு கருப்புப் பேனாவும் பையில் இருக்கட்டும். பத்து மணித் தேர்வென்றால் ஒன்பது மணிக்கு வாசலுக்கு வந்துவிடுங்கள். தேர்வர் எட்டரைக்கே வந்து உங்களுக்காகக் காத்திருப்பார்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியர்களில் ஒருவன்